குலுக்கலில் விழுந்த நான்கு பெயர்கள்

அத்தியாயம் 7

பெயர் விழுந்த சந்தோஷம் செலுகாவின் வீட்டில் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை.

கூட்டுறவுக் கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று கைபேசியில் அந்தச் செய்தியைப் படித்ததும் அவள் போட்ட கூச்சல் ஃபுனாஃபுத்தித் தீவு முழுக்கக் கேட்டிருக்கும். துவாலுவிலிருந்து ஆஸ்திரேலியா போய்க் குடியேற வருடத்துக்கு இருநூற்றெண்பது பேருக்குத்தான் வழி. பதிவு செய்தவர்களோ ஆயிரக்கணக்கில். படிப்பு, வேலை, சொத்து எதையும் பார்க்காமல் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு பெயரை எடுக்கும். ஒருத்தர் பெயர் விழுந்தால் கூடவே கணவனோ மனைவியோ, பிள்ளைகளோ போகலாம். விழாதவர்கள் அடுத்த வருடம் மறுபடி பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

செலுகா பதிந்தபோது நான்கு பெயர் கொடுத்திருந்தாள். தன் பெயர், கணவன் லாமெகோ, பதினாறு வயது பெலெனிகே, ஏழு வயது சீலியா.

அன்று முதல் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள்தான் பேச்சு. "புலாகாக் கிழங்கை இப்பவே வயிறு முட்டத் தின்னுக்கோ, பிரிஸ்பேன்ல கிடைக்காது" என்பார் ஒருவர். "சர்ச்சுல என்னன்னு வேண்டிக்கிட்ட? எனக்கும் சொல்லு" என்பார் இன்னொருவர். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கன்னம் வலித்தது.

ஆனால் விழுந்தது பெயர்தான். விசா இல்லை. அதற்கான விண்ணப்பத்தை இனிமேல்தான் போட வேண்டும். அங்கேதான் பெலெனிகேயின் பெயர் முள்ளாக மாட்டிக்கொண்டது.

பெலெனிகே செலுகா பெற்ற பெண் இல்லை. லாமெகோவின் அக்கா லோசா பெற்றவள். அடுத்தடுத்து மூன்று கரு கலைந்து, சோறு தண்ணி வேண்டாமென்று செலுகா படுத்துக் கிடந்த காலத்தில், மூன்று மாதக் குழந்தையைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தியவள் லோசா. "இவளுக்குப் பசிக்குது, எந்திரி" என்று மட்டும் சொன்னாளாம். இந்தத் தீவுகளில் நடக்காத விஷயம் இல்லை. யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. அரசாங்கப் பதிவேட்டில் பெலெனிகே இன்றைக்கும் லோசாவின் மகள்தான்.

அதைச் சரிசெய்ய இன்று ஒரு நாள்தான் இருந்தது. தீவு நீதிமன்றத்தின் மாஜிஸ்திரேட் பெனியெலி மாலைக் கப்பலில் நானுமெயா தீவுக்குக் கிளம்புகிறார். அவர் திரும்பி வருவதற்குள் விண்ணப்பத்துக்கான கெடு முடிந்துவிடும்.

*

காலையில் முதல் ஆளாக நீதிமன்ற அலுவலகத்தின் வாசலில் நின்றாள் செலுகா. குமாஸ்தா மசெய்கா அவளோடு பள்ளியில் படித்தவள்.

"வாம்மா, குலுக்கல் ராணி! எங்களையெல்லாம் ஞாபகம் வச்சுக்குவியா?"

"கிண்டல் அப்புறம் பண்ணு மசெய்கா. பேப்பர் ரெடியா?"

"தத்துப் பேப்பர் டைப் பண்ணிட்டேன். உன் கையெழுத்து, லாமெகோ கையெழுத்து, பெத்தவன் கப்பல்லேருந்து அனுப்பின சம்மதம் எல்லாம் இருக்கு. இனி பெத்தவ வந்து மாஜிஸ்திரேட் முன்னாடி போடணும், அவ்வளவுதான். மூணு மணிக்குள்ள கூட்டிட்டு வா. அப்புறம் அவர் பெட்டி கட்டப் போயிடுவாரு."

"அண்ணி என்ன வேணாம்னா சொல்லப் போறாங்க?"

மசெய்கா நகலை நீட்டினாள். "கொடுக்கிறதுக்கு முன்னாடி நீ ஒரு தரம் படிச்சுடு."

செலுகா அங்கேயே நின்று படித்தாள். இரண்டாவது பத்தியில் கண் நின்றது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மசெய்காவின் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

*

லோசா வீட்டுக்குப் பின்னால், காயலோரத்தில் குத்தவைத்து மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். கனத்த உடம்பு, கனத்த குரல். கணவன் சரக்குக் கப்பலில் போய் வருடத்துக்கு ஒரு முறை வருகிறவன். இரண்டு மகன்களும் வளர்ந்து தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். அவளும் குலுக்கலுக்குப் பதிந்திருந்தாள். விழவில்லை.

"வா செலுகா. அந்தப் பெரிய மீனை எடுத்துக்கோ. சீலியாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல அண்ணி. நேத்து ஊசி போட்டாச்சு. நான் பெலெனிகே விஷயமா வந்தேன்."

"கோர்ட்டுக்கு வரணும், கையெழுத்து போடணும், அதானே? லாமெகோ பொண்டாட்டி இப்படி முழிக்கிறப்பவே தெரியுது." லோசா சிரித்தாள். "போட்டுட்டாப் போச்சு. கை கழுவிட்டு வரேன். அதுல என்ன எழுதியிருக்கு? கண்ணாடி உள்ள கிடக்கு, நீயே படி."

படிக்காமல் இருக்க முடியுமா என்று ஒரு கணம் யோசித்தாள் செலுகா. முடியாது. தாளைப் பிரித்தாள்.

"'இந்தக் குழந்தையின் தாய் என்ற முறையில் எனக்குள்ள எல்லா உரிமைகளையும் கடமைகளையும் இன்று முதல் நிரந்தரமாக விட்டுவிடுகிறேன்.'"

தண்ணீர்த் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்த லோசா திரும்பவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. மழைத் தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்கினாலும் ஊரையே திட்டுகிறவள் அவள்.

"இன்னொரு தரம் படி."

செலுகா படித்தாள்.

"கடமையையுமா?"

"ஆமா அண்ணி."

"அப்போ அவளுக்குக் காய்ச்சல்னா நான் பக்கத்துல போய் உக்காரக் கூடாது?"

"அப்படியெல்லாம் இல்ல அண்ணி. சும்மா பேப்பருக்காக எழுதுறது."

"சும்மா எழுதினதுன்னா, அதைத் தூக்கிட்டு நீ எதுக்கு இவ்வளவு தூரம் வந்த?"

லோசா குழாயை மூடிவிட்டு வந்து எதிரே நின்றாள்.

"உன்கிட்ட அவளைக் கொடுத்தேன். ஆனா அவளை விட்டேனா? உன் வீட்டுல தூங்கினா, என் வீட்டுல வந்து சாப்பிட்டா. உன்னை அம்மான்னு கூப்பிட்டா, என்னை லோசாம்மான்னா. அவ பெரிய மனுஷி ஆனப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதானே குளிப்பாட்டினோம்? நான் உனக்குப் பங்கு கொடுத்தேன்டி. இந்த ஆளுங்க மொத்தமா எழுதித் தரச் சொல்றாங்க."

"அண்ணி, இது இல்லாம அவளைக் கூட்டிட்டுப் போக முடியாது."

"கூட்டிட்டுப் போ! நாளைக்கே போ! அவ அங்க போய் நர்ஸா ஆகட்டும், என்னவா வேணா ஆகட்டும். நான் தடுக்கலை. ஆனா அந்த வரிக்குக் கீழ என் பேரு வராது."

வெயில் உச்சியில் ஏறியிருந்தது. செலுகாவுக்குப் பொறுமை அறுந்தது. "உங்க பேரு குலுக்கல்ல விழலைன்னு இப்படிப் பேசறீங்களா?"

சொன்ன மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். லோசா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

"என் பேரு விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சியா?" என்றாள் மெதுவாக. "ரிஜிஸ்டர்ல அவ என் மக. ஒரு பேப்பர் தேவையில்ல, ஒரு கையெழுத்து தேவையில்ல. பதியும்போது அங்க இருந்த பொண்ணு கேட்டா, 'கூட்டிட்டுப் போகப் பிள்ளைங்க யாராவது உண்டா'ன்னு. இல்லேன்னு சொன்னேன். அவளை உன் மகன்னு நினைச்சுத்தான் சொன்னேன்."

குனிந்து பெரிய மீனை இலையில் சுற்றிச் செலுகாவின் கையில் திணித்தாள்.

"சீலியாவுக்குச் சூப் வச்சுக் கொடு. போ."

*

மின் நிலையத்தில் லாமெகோ எஞ்சினுக்கு அடியில் கிடந்தான். அவள் காலைத் தட்டியதும் வெளியே வந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டுத் துணியால் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"நீ போய்க் கேளேன் லாமெகோ. உன் கூடப்பிறந்தவதானே."

"என்ன பேசற நீ? தம்பி போய் அக்கா முன்னாடி நின்னு, 'உங்க பிள்ளையை விட்டுடுங்க'ன்னு கேக்குறதா? இந்த ஊர்ல எவன் கேட்டிருக்கான்? நாளைக்குச் சர்ச்சுக்குள்ள நான் எந்த மூஞ்சியோட போவேன்?"

"அப்போ என்ன செய்யறது?"

"நீ மறுபடி போ. காலைப் பிடி. அழு. என்ன வேணா பண்ணு, கையெழுத்து வாங்கிடு." அவன் குரல் இறங்கியது. "போன தரம் வந்த வெளிநாட்டு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா? ஊசி போட்டுத் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான், இதயத்துல இருக்கிற அந்த வால்வை ஒரு நாள் சரி பண்ணித்தான் ஆகணும்னாரு. இங்க யாரு பண்ணுவா? நேத்து ராத்திரி சீலியா ரெண்டு தலையணை கேட்டா. படுத்தா மூச்சு முட்டுதாம். அடுத்த வருஷமும் நம்ம பேரு விழும்னு அந்தக் கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்திருக்கா?"

"எனக்கு மட்டும் தெரியாதா? அதுக்குத்தானே பதிஞ்சோம். நாலு பேரும் போறதுக்குத்தானே பதிஞ்சோம்!"

"நாலு பேரும்தான். நான் இல்லேன்னு சொல்லலையே. ஆனா அப்படி நடக்கலேன்னா…"

அதற்குள் உள்ளே யாரோ இரண்டாவது எஞ்சினைக் கிளப்பினார்கள். தகரச் சுவர் அதிர்ந்தது. லாமெகோவின் வாய் அசைவது தெரிந்தது, வார்த்தை கேட்கவில்லை. என்ன சொன்னாய் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

*

மூன்று மணி நெருங்கியபோது செலுகா தனியாகத்தான் நீதிமன்ற பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். லோசாவின் வீட்டுக்கு மறுபடி போனபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே பெனியெலி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் மசெய்கா வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்தும் வெள்ளை உடையில் லோசா இறங்கினாள். பின்னாலிருந்து பள்ளிச் சீருடையோடு பெலெனிகே இறங்கினாள்.

"கணக்கு டெஸ்ட் நடுவுல இழுத்துட்டு வந்திருக்காங்கம்மா" என்றாள் அவள் செலுகாவிடம். "நல்லதாப் போச்சு. ஒண்ணுமே தெரியலை. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல" என்றார்கள் இரண்டு தாய்மாரும் ஒரே குரலில்.

லோசா நேராக மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். "கையெழுத்துப் போட வந்திருக்கேன். செலுகாவை வெறுங்கையோட அனுப்பிட்டு எனக்குச் சோறு இறங்கலை. ஆனா அந்த வரியை நீங்க முதல்ல சத்தமாப் படிக்கணும். இவ காதுல விழணும். முதல் தடவை கொடுத்தப்ப மூணு மாசப் பிள்ளை, அவளுக்கு எதுவும் தெரியாது. இப்ப அவளுக்குத் தெரிஞ்சே கொடுக்கறேன். மறைச்சுச் செய்ய எனக்கு வராது."

பெனியெலி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். "'இந்தக் குழந்தையின் தாய் என்ற முறையில் எனக்குள்ள எல்லா உரிமைகளையும் கடமைகளையும் இன்று முதல் நிரந்தரமாக…'"

பெலெனிகேயின் முகத்திலிருந்த குறும்பு மறைந்தது. லோசாவைப் பார்த்தாள், பிறகு செலுகாவை. யார் பக்கத்தில் நிற்பது என்று தெரியாமல் அறையின் நடுவில் நின்றாள்.

"'…விட்டுவிடுகிறேன்.'"

லோசா பேனாவை எடுத்தாள். அந்தப் பெரிய கை நிதானமாகத்தான் தாளின்மேல் இறங்கியது. முனை தொட்டு, 'லோ' என்று ஆரம்பிப்பதற்குள் இன்னொரு கை வந்து தாளை மூடியது.

"வேணாம் அண்ணி" என்றாள் செலுகா.

"தள்ளு. கப்பல் கிளம்பிடும்."

"கிளம்பட்டும். இவ முகத்தைப் பாருங்க. இதைப் போட்டுட்டு நான் எப்படி இவளுக்குச் சோறு போடுவேன்?" திரும்பினாள். "ஐயா, வேற வழியே இல்லையா?"

பெனியெலி மசெய்காவைப் பார்த்தார். மசெய்கா தயங்கினாள்.

"இருக்கு. காப்பாளர் உத்தரவுன்னு ஒண்ணு. பெத்தவ தாயாவே இருப்பா. வளர்க்கிறது, கூட்டிட்டுப் போறது, படிக்க வைக்கிறது, அந்தப் பொறுப்பு மட்டும் உனக்கு."

"காலையில ஏன் சொல்லலை?"

"சொல்லத் தைரியம் இல்ல செலுகா. தத்துப் பேப்பர்னா மறுகேள்வி வராதுன்னு நினைச்சேன். இதை ஆஸ்திரேலியாக்காரங்க ஏத்துக்குவாங்களா, 'இவ உன் பிள்ளையே இல்ல'ன்னு தள்ளிடுவாங்களா, எனக்குத் தெரியாது. எங்க ஆபீஸ்ல இதுவரைக்கும் யாரும் இதுக்காகக் கேட்டதே இல்ல."

லாமெகோ இருந்தால் என்ன சொல்வான் என்று செலுகாவுக்குத் தெரியும். அவன் இல்லாமல் இதைத் தீர்மானிக்கக் கூடாது என்பதும் தெரியும். மணி மூன்றடித்துவிட்டது என்பதும் தெரியும்.

பெனியெலி பெலெனிகேயைப் பார்த்தார். "உன்னை யாராவது கேட்டாங்களாம்மா?"

"கேக்காததே நல்லதுங்க. கேட்டிருந்தா என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியாது." அவள் உதட்டைக் கடித்தாள். "எனக்கு ரெண்டு அம்மா. ரெண்டு பேர்கிட்டயும் திட்டு வாங்குறேன். ஒருத்தரை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட முடிஞ்சா போடுங்க. முடியாதுன்னா விட்டுடுங்க."

லோசாவிடமிருந்து சிரிப்பும் விம்மலும் கலந்த ஒரு சத்தம் வந்தது.

"காப்பாளர் உத்தரவே போடுங்க ஐயா" என்றாள் செலுகா.

மசெய்கா ஓடிப்போய் டைப் செய்தாள். இந்த முறை லோசா கண்ணாடி கேட்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தானே படித்தாள். பிறகு தாளின் பாதி அகலத்துக்குப் பெரிதாகத் தன் பெயரை எழுதினாள். பெனியெலி முத்திரை குத்திவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மசெய்காவின் கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பத்தை நிரப்பினார்கள். தாள்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து ஏற்றினார்கள். பெலெனிகேயின் பெயருக்கு எதிரே 'உறவு' என்ற கட்டம் வந்தபோது மசெய்கா கையை எடுத்துவிட்டாள்.

"இதை நீயே போடு."

செலுகா 'மகள்' என்று போட்டாள். விளக்கம் கேட்ட இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

*

மாலையில் ஊர் நடுவே இருந்த விமான ஓடுபாதை வழக்கம்போல நிறைந்திருந்தது. விமானம் இல்லாத நாள். ஒரு பக்கம் கைப்பந்து, ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள்கள், நடுவே பாய் விரித்துக் காற்று வாங்கும் குடும்பங்கள். சீலியா ஓடவில்லை. பாயில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகள் ஓடுவதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

லாமெகோ வேலை முடிந்து நேராக அங்கே வந்தான். செலுகா எதையும் மறைக்காமல் சொன்னாள். அக்கா கையெழுத்துப் போட வந்தது, தான் தடுத்தது, மாற்றி எழுதியது, அனுப்பியது.

"அக்கா போடறேன்னு வந்தாங்க. நீ வேணாம்னுட்ட."

"ஆமா."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலை."

"நேரம் இல்ல லாமெகோ. அந்த நிமிஷம் நீ அங்க இருந்திருந்தா…"

"இருந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு உனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கலை."

அவன் கத்தவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து சீலியாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவள் விலா எலும்பின்மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்தான். அந்தத் துடிப்பைத் தொட்டுப் பார்ப்பது சமீபத்தில் அவனுக்கு வந்த பழக்கம்.

கைப்பந்திலிருந்து வியர்த்து வழிய வந்தாள் பெலெனிகே. தென்னம்பதநீரை மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மசெய்கா சித்தி சொன்னதை நானும் கேட்டேன்" என்றாள். "என்னை அவங்க தள்ளிடலாம். உங்க மூணு பேருக்கு மட்டும் விசா வரலாம்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றாள் செலுகா.

"ஆச்சுன்னா?"

"பெலெனிகே, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?"

"எனக்குத் தெரியணும்மா. அழமாட்டேன், சண்டை போடமாட்டேன். லோசாம்மா வீடு இருக்கு, எனக்கு ஒண்ணும் பயமில்ல. சும்மா தெரிஞ்சுக்கணும்." அவள் இருவருக்கும் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். "எனக்கு மட்டும் வரலைன்னா நீங்க போவீங்களா?"

"போகமாட்டோம்" என்றாள் செலுகா.

"போவோம்" என்றான் லாமெகோ.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. சீலியா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். செலுகா கணவன் பக்கம் திரும்பினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பெலெனிகேயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் நிறைந்திருந்தது, ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பெலெனிகே மெல்லத் தலையாட்டினாள். எழுந்து முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். பிறகு தங்கள் வீட்டுப் பக்கம் போகாமல், காயலோரத்தில் லோசாவின் வீடு இருந்த திசையில் நடக்க ஆரம்பித்தாள்.